சீனியும் மதுவமும் நீர்ச்செடியும்

நீர்ச்செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு வீட்டிலேயே காபனீரொட்சைட்டு தயாரிக்க மூன்று பொருள்கள் போதும்: சீனி, மதுவம் எனப்படும் ஈஸ்ட், தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் இவற்றைக் கலந்து, மூடியில் துளையிட்டு மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டால், சீனி நொதிக்கும்போது வெளிப்படும் வாயு குமிழ்குமிழாகத் தண்ணீருக்குள் போய்ச் சேரும். 200 கிராம் சீனி முற்றாக நொதித்தால் ஏறத்தாழ 103 கிராம் காபனீரொட்சைட்டு கிடைக்கும். அறை வெப்பநிலையில் அது 57 லீற்றர் வாயு. நடைமுறையில் அவ்வளவும் கைக்கு வருவதில்லை. சீனியின் ஒரு பங்கை மதுவம் தன் வளர்ச்சிக்கே எடுத்துக்கொள்ளும். மதுசாரம் ஏற ஏறச் சோர்ந்துபோகும். மூடியின் இடுக்கு வழியாகவும் கொஞ்சம் கசியும். ஆனாலும் ஒரு சிறிய தொட்டியின் செடிகளை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஊட்ட அது போதும்.

இந்தப் போத்தல் உலகெங்கும் மீன் வளர்ப்போரின் வீடுகளில் இடம்பிடித்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆனால் அது ஊட்டுகிற செடிகளில் ஒரு முக்கியப் பிரிவு இலங்கையின் மகாவலிப் படுகையிலிருந்து புறப்பட்டது. அது நம்பியிருக்கும் நொதித்தலும் கோப்பிக் காலத்திலிருந்தே மலையகத்தில் பழகிய தொழில். இவை இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தது மட்டும் வெளிநாட்டில்.

செடிக்கு இந்த வாயு ஏன் வேண்டும் என்பதை ஓடையிலிருந்து தொடங்குவது எளிது. தரைச் செடியைப் போலவே நீர்ச்செடியும் காபனீரொட்சைட்டைக் கொண்டே ஒளித்தொகுப்புச் செய்கிறது. காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில், 25 பாகை செல்சியஸில், ஒரு லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலாகவே அது கரைந்திருக்கும். தண்ணீருக்குள் அது பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. அசையாத தொட்டியில் வலுவான விளக்கைப் போட்டால், இலையைச் சுற்றியுள்ள வாயு விரைவில் தீர்ந்துவிடும். அடுத்தது வந்து சேர்வதற்குள் செடி பட்டினி கிடக்கும். அந்த இடைவெளியில் பாசி முந்திக்கொள்ளும்.

ஓடையில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஊற்றெடுக்கும் கொத்மலை ஓயா தலவாக்கலை வழியாக இறங்கி, கொத்மலைப் பள்ளத்தாக்கைக் கடந்து, கம்பளைக்கு மேலே மகாவலியில் கலக்கிறது. மகாவலி அங்கிருந்து கண்டிப் பக்கம் திரும்பி, பேராதனைத் தாவரவியல் பூங்காவை மூன்று புறமும் சுற்றிக்கொண்டு போகிறது. இந்தப் படுகையில், காட்டு நிழலில் ஓடும் சிற்றாறுகளில் மட்கும் இலைச்சருகும் கரை மண்ணிலிருந்து கசியும் நிலத்தடி நீரும் காபனீரொட்சைட்டைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஓட்டம் அதை இலை இலையாகப் பரப்புகிறது. தண்ணீர் வற்றும் மாதங்களில் கரையோரச் செடிகள் பாதி வெளியே நின்று காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன; பூப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஓடை இலவசமாகத் தந்ததைத் தொட்டியில் யாராவது கொடுக்க வேண்டும். போத்தலின் வேலை அவ்வளவே.

அந்தக் கரையோரச் செடிகளில் உலகச் சந்தைக்குப் போனவை கிரிப்டோகொரைன் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. சேம்பின் குடும்பம், ஆனால் விரலளவு, சாணளவு உயரமே வளர்பவை. இலங்கையில் உள்ள இனங்கள் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவற்றின் பெயர்ப்பட்டியலைப் படித்தால் பிரித்தானியர் கால மலைநாட்டின் ஆட்பட்டியலைப் படிப்பதுபோல் இருக்கும். ‘வோக்கரி’ என்ற பெயர், 1830களில் இங்கே தாவரம் சேகரித்த படை அதிகாரி ஜோர்ஜ் வோரன் வோக்கரின் குடும்பத்தை நினைவுபடுத்துகிறது. சேகரிப்பில் அவர் மனைவி அனா மரியாவின் பங்கு சிறியதல்ல. ‘துவைற்சி’ 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவை நடத்திய ஜோர்ஜ் துவைற்ஸின் பெயர். ‘நெவில்லி’ சுவடி சேகரிப்புக்குப் புகழ்பெற்ற சிவில் சேவையாளர் ஹியூ நெவிலுடையது. ‘வில்லிசி’ 1896இல் பேராதனையின் பொறுப்பை ஏற்ற ஜோன் வில்லிஸுடையது.

இவர்களுள் ‘பெக்கெற்றி’ என்ற பெயருக்குரியவரின் கதைதான் தோட்டப்புறத்துக்கு மிக நெருக்கமானது. தோமஸ் நெய்லர் பெக்கெற் ஒரு கோப்பித் துரை. தோட்டம் நடத்திய காலத்தில் பாசி, பன்னம், சிறு செடிகள் என்று சேகரித்துப் பேராதனைக்கு அனுப்பிவந்தார். 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடியாக ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. முதலில் கவலைப்பட்டவர்களில் துவைற்ஸும் ஒருவர். தோட்டச் சொந்தக்காரர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. பெக்கெற் 1883இல் நியூசிலாந்துக்குக் கப்பலேறி, கிறைஸ்ட்சேர்ச்சில் குடியேறி, எஞ்சிய காலத்தைப் பாசி ஆராய்ச்சியில் கழித்தார். அவர் பெயரைத் தாங்கிய செடியின் விவரிப்பை, துவைற்ஸுக்குப் பின் வந்த ஹென்றி டிரிமன் 1885இல் வெளியிட்டார். துரை போனார், கோப்பி போயிற்று, அந்தச் சரிவுகளில் தேயிலை வந்தது. பெயர் மட்டும் ஓடைச் செடியில் ஒட்டிக்கொண்டது.

பெயர்ப்பட்டியலில் ஓர் இடைவெளியும் கண்ணில் படும். காடு வெட்டிப் பாதை போட்டவர்கள், ஓடையில் இறங்கிச் செடி பிடுங்கிக் கொடுத்தவர்கள், எவர் பெயரும் எந்த இனத்துக்கும் இல்லை. பூங்காவில் உள்ளூராருக்குக் கிடைத்த அங்கீகாரம் ஓவியர்களோடு நின்றுவிட்டது. ஹார்மனிஸ் டி அல்விஸும் அவருடைய மக்களும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பேராதனைக்காகத் தாவரங்களை வரைந்தார்கள். அவர்களுடைய கை இல்லாமல் பூங்காவின் தாவர நூல்களுக்குப் படம் இல்லை.

உலர்த்தி ஒட்டிய செடிகள் உயிருள்ள வணிகமாக மாறியது 20ஆம் நூற்றாண்டில். ஜெர்மனியின் மீன்தொட்டி ஆர்வலர்கள் இலங்கைச் செடிகளை வாங்கிப் பெருக்கினார்கள். அவர்களுள் ஒருவரான ஆல்பேட் வென்டின் பெயரை 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் ஹென்ட்ரிக் டி வித் மற்றோர் இனத்துக்குச் சூட்டினார். இன்று உலகில் மிக அதிகமாக விற்பனையாகும் கிரிப்டோகொரைன்களில் ஒன்று அந்த ‘வென்டி’. பேரினத்திலேயே மிகச் சிறியதான ‘பர்வா’வுக்கும் பெயர் வைத்தவர் அவரே, ஆண்டு 1970. இடையில் ஒரு குளறுபடியும் நடந்தது. கிழக்கின் உலர்வலயத்தில் வளரும் ‘நெவில்லி’யின் பெயரில் பல ஆண்டுகள் கடைகளில் விற்கப்பட்டது, உண்மையில் கண்டி வட்டாரத்து ‘வில்லிசி’. அந்த ‘வில்லிசி’யும் தனி இனம் அன்று, மகாவலிக் கரையில் அக்கம்பக்கமாக வளரும் இனங்கள் கலந்து பிறந்த கலப்பு என்பது பின்னைய ஆய்வுகளின் முடிவு.

மதுவத்தின் பக்கக் கதை வேறு பாதையில் ஓடுகிறது. கோப்பித் தோட்டத்தில் பழத்தின் தோலை நீக்கிய கொட்டைகளைத் தொட்டிகளில் இட்டு நொதிக்கவிட்டுத்தான் வழுவழுப்பைக் கழுவினார்கள். அங்கே சீனியைத் தின்று வாயுவைக் கக்கிய நுண்ணுயிர்களில் மதுவமும் உண்டு. நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர் 1849இல் சிறியதொரு பியர் வடிப்பைத் தொடங்கினார். அதன் வழியில் 1881இல் அங்கே வணிக ஆலை எழுந்தது. குளிரும் ஊற்றுநீரும் அத்தொழிலுக்கு வாய்த்தவை. நூறாண்டுக்கு மேல் நுவரெலியாவில் நடந்த அந்த வடிப்பு, 1990களின் பிற்பகுதியில் கொழும்புக்கு அருகே பியகமைக்கு இறங்கியது. அப்பமாவைப் புளிக்கவைக்கக் கள்ளு ஊற்றும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. தென்னை ஏறாத உயரங்களில் சிங்களக் கிராமங்கள் கித்துள் சீவின.

தோட்டத் தொழிலாளர் லயன்களைச் சுற்றி நடந்த நொதித்தல் இவ்வளவு மரியாதையானது அன்று. கசிப்பு எனும் கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கு ஊறப்போடும் கோடாவும் இதே சீனி, இதே ஈஸ்ட், இதே தண்ணீர்தான். பேக்கரிக்காரர் வாயுவை வைத்துக்கொண்டு மதுசாரத்தைச் சூட்டில் போகவிடுகிறார். கசிப்புக்காரர் மதுசாரத்தை வைத்துக்கொண்டு வாயுவைப் போகவிடுகிறார். மீன் வளர்ப்பவர் இதில் பேக்கரிக்காரர் பக்கம். ஆயினும் தொட்டிக்குப் பக்கத்தில் புளித்த மணத்தோடு நாலைந்து போத்தல்கள் வரிசையாக நின்றால் அயலவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரலாம். உரிமமின்றி மதுசாரம் உற்பத்தி செய்வதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. போத்தலில் எஞ்சும் திரவத்தை வடிக்காமல் வாய்க்காலில் ஊற்றிவிடுவதே உத்தமம்.

நொதித்தல் வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்தும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தது. 1767இல் ஜோசப் பிறீஸ்ற்லி தன் வீட்டுக்குப் பக்கத்துப் பியர் ஆலையில், நொதிக்கும் தொட்டிகளின் மேலே தேங்கி நின்ற கனமான வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சோடாத் தண்ணீர் அதிலிருந்து வந்தது. செடிக்கும் அந்த வாயுவுக்கும் உள்ள உறவு அடுத்த இருபதாண்டுக்குள் தெளிவாயிற்று: வெளிச்சத்தில் மட்டுமே செடி ஒட்சிசனை விடுகிறது என்று 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார், அதற்குக் காபனீரொட்சைட்டு தேவை என்று 1782இல் செனபியே காட்டினார். கொள்கை முழுவதும் அப்போதே கைவசம் இருந்தும், போத்தல் வர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. காரணம், தேவை இருக்கவில்லை. 1850இல் லண்டனில் றொபேட் வொரிங்டன் மீன், நத்தை, நீர்ச்செடி மூன்றையும் ஒரே தொட்டியில் சமநிலையில் வைத்துக் காட்டினார். மீனின் மூச்சே செடிக்குப் போதும் என்ற அந்தக் கொள்கை நெடுங்காலம் நிலைத்தது. சன்னல் வெளிச்சத்தில் மெல்ல வளரும் செடிகளுக்கு அது உண்மையும்கூட.

விளக்குகள் வலுத்ததும் கணக்குப் பிழைத்தது. 1970களிலும் 80களிலும் ஜெர்மனியர் காபனீரொட்சைட்டு உருளை, அழுத்தச் சீராக்கி, மின்வால்வு என்று முழுக் கருவித்தொகுதியை உருவாக்கினர். யப்பானில் தகாஷி அமானோ 1982இல் தொடங்கிய நிறுவனமும் அவருடைய தொட்டிப் படங்களும் நீருக்கடியில் புல்வெளி போன்ற தோட்டங்களை உலகுக்குக் காட்டின. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் உருளை வாங்க வசதி இல்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை, 1973இல் காப்புரிமை பெற்ற பெற் பிளாஸ்டிக் போத்தலும், பொதியில் விற்கும் உலர் ஈஸ்ட்டும், மீன்தொட்டிக் காற்றுக்குழாயும். இவை மூன்றும் மலிந்த பிறகே வீட்டுமுறை சாத்தியமாயிற்று. அழுத்தம் ஏறினால் கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சிதறும். சோடாவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் போத்தல் முதலில் உப்பிக்காட்டி எச்சரிக்கும். இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான கண்டுபிடிப்பாளர் பிளாஸ்டிக் போத்தல்தான் என்று சொன்னாலும் தகும்.

போத்தல் கட்டும் முறை ஊருக்கு ஊர் சற்றே மாறினாலும் அடிப்படை ஒன்று. இரண்டு லீற்றர் போத்தலில் 200 கிராம் சீனி; ஒன்றரை லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர்; கால் தேக்கரண்டி முதல் அரைத் தேக்கரண்டி வரை ஈஸ்ட். கொதிநீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். ஈஸ்ட்டைக் கூட்டினால் வாயு கூடுவதில்லை; நாலு நாளில் கொட்டித் தீர்ந்துவிடும், அவ்வளவே. ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்ப்பது கலவை அளவுமீறிப் புளிக்காமல் இருக்க. மேலே கையகல வெற்றிடம் விட வேண்டும். இல்லையேல் நுரை குழாயில் ஏறித் தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரைப் பால்போல் கலங்கடிக்கும். இதைத் தடுக்கச் சிலர் இடையில் வெறும் தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலொன்றை வைப்பர். நுரை அதில் தங்கிவிடும், குமிழியை எண்ணவும் அதுவே உதவும். மருந்துக்கடையில் வாங்கும் சேலைன் குழாயின் சொட்டறையும் குமிழ்மானியாக நன்றாகவே வேலை செய்யும். வாயுவைக் கரைப்பதற்கு நுண்துளைக் கல் உண்டு. அது இல்லாதவர்கள் யோகட் கோப்பையொன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்துக் கட்டி, அதன் அடியில் வாயுவைத் தேக்கி, தானாகக் கரையவிடுவார்கள். பார்வைக்கு அழகில்லை, ஆனால் அடைபடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. சீனியை ஜெலட்டினில் உறையவைத்து, மேலே ஈஸ்ட்டுத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு உத்தி. சீனி மெல்ல மெல்லக் கரைவதால் வாயுவும் சீராக வரும்.

மலைநாட்டில் இம்முறைக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது குளிர். பேக்கரி ஈஸ்ட் உற்சாகமாக வேலை செய்வது 25 முதல் 35 பாகைக்குள். கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிய 700 மீற்றர் மட்டத்தில் பெரும் தொல்லை இல்லை. ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டிய நுவரெலியாவில் போத்தல் தூங்கிவிடும். அங்கே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறமோ விளக்கின் அருகிலோ வைக்க வேண்டும். குளிரில் ஒரு சிறு ஆதாயமும் இருக்கிறது: 25 பாகையைவிட 15 பாகைத் தண்ணீர் மூன்றிலொரு பங்கு கூடுதலாகக் காபனீரொட்சைட்டைக் கரைத்து வைத்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் தண்ணீரின் மென்மை. பழம்பாறைகளின் மேல் ஓடிவரும் மலைத் தண்ணீரில் காபனேற்று குறைவு. செடித்தொட்டிக்கு லீற்றருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு போதும் என்பது பொதுக்கணக்கு. காபனேற்று வன்மை 4 பாகை உள்ள தண்ணீரில் 30 மில்லிகிராம் கரைந்தால் பி.எச். பெறுமானம் 6.6இல் நிற்கும், 1 பாகை மட்டுமே உள்ள தண்ணீரில் 6.0 வரை இறங்கிவிடும். கிரிப்டோகொரைன் அதைத் தாங்கும். எல்லா மீனும் தாங்காது. கண்டி, மாத்தளை வட்டாரத்தில் ஓடும் சுண்ணப் பளிங்குப் படைகளிலிருந்து எடுக்கும் டொலமைற்றைத் தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தோட்டங்களில் இடுவது வழக்கம். அதன் கற்சில்லுகள் சிலவற்றை வடிகட்டிக்குள் வைத்தாலே தொட்டியின் வன்மை மெதுவாக ஏறும்.

இம்முறையின் பெருங்குறை, அதற்கு நிறுத்தம் இல்லை என்பது. உருளையை விளக்கோடு சேர்த்து அணைக்கலாம். மதுவம் இரவிலும் வேலை செய்யும். வெளிச்சம் இல்லாதபோது செடி காபனீரொட்சைட்டை எடுப்பதில்லை, தானும் வெளிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. இரவில் காற்றுப் பம்பை ஓடவிடுவது அதற்கு மருந்து.

அண்மைக் காலத்தில் ஈஸ்ட்டின் இடத்தைச் சித்திரிக் அமிலமும் அப்பச்சோடாவும் பிடித்துவருகின்றன. 200 கிராம் அப்பச்சோடாவும் 152 கிராம் சித்திரிக் அமிலமும் தரும் வாயு ஏறத்தாழ 105 கிராம்; சீனிக்கணக்கோடு கிட்டத்தட்டச் சமம். குளிர் அதை முடக்காது, வால்வை மூடினால் நிற்கும். விலையில் மட்டும் ஈஸ்ட்டை வெல்லவில்லை.

போத்தல் மிக நன்றாக ஊட்டுவது தென்னமெரிக்காவின் விரைந்து வளரும் தண்டுச் செடிகளை. நிழலில் மெல்ல வளரப் பழகிய மகாவலிச் செடிகள் அது இல்லாமலும் பிழைக்கும். இடம் மாறிய அதிர்ச்சியில் இலையெல்லாம் கரைந்துபோனாலும் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பிடிவாதம் அவற்றுக்கு உண்டு. இந்தப் பிடிவாதம் சில இடங்களில் அளவுமீறியும் போயிற்று: 1990களில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து சான் மார்க்கோஸ் ஆற்றில் ‘பெக்கெற்றி’ பரவியிருப்பது கண்டறியப்பட்டு, அங்கு மட்டுமே வளரும் காட்டரிசியைக் காக்க அதைப் பிடுங்கி எடுக்க வேண்டிவந்தது.

சொந்த ஊரில் நிலைமை எதிர்மாறு. 1976இல் பொல்கொல்ல அணை, 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகள், அடுத்து ரந்தெனிகல, ரந்தம்பே என்று மேல் மகாவலியின் ஓடுநீர் படிப்படியாகத் தேக்கநீர் ஆயிற்று. 87 மீற்றர் உயரக் கொத்மலை அணைக்குப் பின்னால் வயலும் ஊரும் விகாரையும் மூழ்கியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஓடைக்கரைகள் மூழ்கியதைக் கவனித்தவர்கள் தாவரவியலாளர்கள் மட்டும். மின்னுற்பத்திக்காக ஏறி இறங்கும் நீர்மட்டத்தில், ஆழமற்ற ஓட்டத்துக்குப் பழகிய செடி வேர்கொள்வது கடினம். இலங்கையின் கிரிப்டோகொரைன்கள் பல தேசிய செம்பட்டியலில் அச்சுறுத்தலுக்குள்ளானவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. உலகச் சந்தையில் இன்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி பண்ணைகளில் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்த்தவை, அல்லது ஆய்வுகூட இழைய வளர்ப்பில் பெருக்கியவை.